உப்போடைக்கு ஒரு மதிப்புரை

கோவில்பட்டியில் பால்துரை என்று ஒருவர் இருந்தார். ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, புத்தக மதிப்புரைக்கென்றே ஒரு மாத இதழ் நடத்திவந்தார். வயிற்றுப்பாட்டுக்கு அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலைந்து பேர் அந்த அறைக்கு வருவார்கள். படித்ததைச் சொல்வார்கள், எழுதியதைக் காட்டுவார்கள். அவர் பாடமென்று எதையும் நடத்தியதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதும் குறைவுதான். ஆனாலும் வந்தவர்கள் அவரை ஆசான் என்றே மனதில் வைத்திருந்தார்கள்.

அவர்களில் செண்பகவல்லி வயதில் மூத்தவள். ஆசானைவிடவே மூத்தவள். அவள் அவரை ‘சார்’ என்பாள், அவர் அவளை ‘அக்கா’ என்பார். பஜாரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை.

முதல் நாள் படியேறி வந்தபோது அவள் கேட்டது துப்பறியும் கதை. அந்தச் சமயத்தில் தெற்குச் சீமையில் புதிதாகச் சிலர் குற்றக் கதைகள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். சாத்தூர்க்காரர் ஒருவர், தக்கலைக்காரர் ஒருவர், விளாத்திகுளத்திலிருந்து ஒரு பெண். அவர்கள் கதைகளில் துப்பறிகிறவர் காரில் வந்து இறங்குவதில்லை. ஏட்டையா டவுன் பஸ்ஸில் வருவார். டீக்கடையில் நின்று விசாரிப்பார். சாட்சி சொல்கிறவள் பாதி சொல்லிவிட்டு ஆட்டைப் பத்தப் போய்விடுவாள். ‘வந்தாவ’ என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்ததில் ஒருவன் எந்த ஊர்க்காரன் என்பது பிடிபட்டுவிடும்.

அந்தப் புத்தகங்களையெல்லாம் பால்துரை அவளிடமே கொடுத்தார். அவளும் நன்றாகவே எழுதினாள். ஆசிரியர் எங்கே வாசகரை ஏய்க்கிறார், எங்கே தானே ஏமாந்துபோகிறார் என்று புட்டுப்புட்டு வைப்பாள். எழுதியவர்களே அவள் மதிப்புரைக்குக் காத்திருந்தார்கள். ஒரு வரி மட்டும் எல்லா மதிப்புரையிலும் கடைசியில் வந்துவிடும். ‘முடிவு ஒட்டவில்லை.’ சில சமயம், ‘முடிவில் அவசரம் தெரிகிறது.’

பால்துரை அந்த வரியை அடிக்கவில்லை. அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.

செண்பகவல்லியின் புருஷன் கந்தவேல் லாரி செட்டில் வேலை பார்த்தவன். மகள் சுபாஷினி எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், மதுரைவரை போய்வருகிறேன் என்று கிளம்பிப் போனான். வரவில்லை. வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. வெளியில் பகையும் இல்லை. போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டார்கள், போட்டோவும் வாங்கிக்கொண்டார்கள். தகவல் வந்தால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அவளே மதுரைக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் கடைகடையாகப் போட்டோவைக் காட்டினாள். முதலில் சொந்தக்காரர்கள் கூட வந்தார்கள். பிறகு அவளைத் தனியாக விட்டார்கள். அப்புறம் அவளையும் போக வேண்டாம் என்றார்கள்.

கதைகளில் தேடினார்கள். முன்னே பின்னே தெரியாத ஒரு மனுஷனுக்காக ஓர் ஏட்டையா வெயிலில் ஊர் ஊராக அலைந்தார். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த பிறகு, ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்கள் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்க, செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பாள். “கடைசியா பார்த்தப்ப என்ன சட்டை போட்டிருந்தாரு?” என்று ஏட்டையா யாரையாவது கேட்டால், ‘ஊதாக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை’ என்று அவள் மனசுக்குள் பதில் சொல்வாள்.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிடுவாள். மூடிவிட்டால் அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

இப்படி இருக்கையில் சுபாஷினிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை அடிக்க வேண்டும். செண்பகவல்லியின் அண்ணன் மகாலிங்கம், பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று போடச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. அந்தக் குடும்பத்தை இத்தனை காலம் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். வெறும் ‘திரு’ என்று போட்டால், மண்டபத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் அப்பா எங்கே என்று கேட்பார்கள், மணவறையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் கூனிக்குறுகிப் போகும் என்றார். இன்னும் எத்தனை நாளைக்குத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்றும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் செண்பகவல்லி.

அந்த வாரம்தான் அவள் ‘உப்போடை’யைப் பற்றி எழுதினாள். விளாத்திகுளத்துப் பெண்ணின் நாவல். உப்பு லாரி ஓட்டுகிற ஒருவன் காணாமல் போகிறான். வீட்டில் அவன் பெண்சாதி இருக்கிறாள். பாக்கியம் என்று ஒரு பெண் எஸ்.ஐ. தேடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் இறங்கிப் போனபிறகு பால்துரை அந்த மதிப்புரையைப் படித்தார். மறுபடியும் ஒரு தரம் படித்தார்.

“அக்கா, கடைசி அத்தியாயத்துல மழை பெய்யுதா, வெயில் அடிக்குதா?”

செண்பகவல்லி மேசையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

“எஸ்.ஐ. அந்த வீட்டுக்குப் போறப்ப, அவன் பெண்சாதி வாசல்ல நிக்கிறாளா, உள்ள இருக்காளா?”

“தெரியாது சார்.”

அவர் கோபப்படவில்லை. தாள்களை அடுக்கி வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கந்தவேல் போனது, தான் மதுரையில் அலைந்தது, அண்ணன் சொன்ன வார்த்தை எல்லாம். இந்த ஒரு புத்தகம் என்றில்லை, அவர் கொடுத்த எந்தப் புத்தகத்திலும் கடைசி அத்தியாயத்தைத் தான் படித்ததில்லை என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அவள் குரல்தான் தேய்ந்துகொண்டே போயிற்று.

“ஆள் கிடைச்சிட்டா தேட மாட்டாங்களே சார்.”

அவர் தலையசைத்தார்.

“படிக்காத முடிவை ஒட்டலன்னு எழுதிட்டேன். தப்புதான?”

பால்துரை மேசை இழுப்பறையைத் திறந்து பிளேடை எடுத்தார். ‘உப்போடை’யைப் பிரித்து, கடைசி அத்தியாயத்தைத் தையலை ஒட்டிப் பக்கம் பக்கமாக அறுத்தார். ஒரு பக்கமும் கிழியவில்லை. அறுத்த தாள்களை இழுப்பறையில் வைத்துவிட்டுப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

“இப்ப இதை முழுசாப் படிச்சிட்டீங்க. எழுதுங்க.”

“முடிவே இல்லாத புத்தகத்தைப் பத்தி என்ன சார் எழுத?”

“தேடினதை எழுதுங்க.”

அந்த வாரத்து மத்தியானங்கள் முழுக்க அவள் எழுதினாள். ஆரம்பமே இப்படி இருந்தது: ‘இந்த நாவலின் கடைசி அத்தியாயத்தை நான் படிக்கவில்லை. இதற்குமுன் நான் மதிப்புரை எழுதிய எந்த நாவலின் கடைசி அத்தியாயத்தையும் படிக்கவில்லை. அந்த முடிவுகளைக் குறை சொன்னதற்கு அவற்றை எழுதியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.’

அதன்பிறகு பாக்கியத்தைப் பற்றி எழுதினாள். புழுதியில் அவள் நடந்த நடையைப் பற்றி, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் அவள் பேச்சுக் கொடுக்கிற விதத்தைப் பற்றி எழுதினாள். ஓரிடத்தில் செண்பகவல்லி நிறைய நேரம் நின்றாள். நாவலில் ஊரே காணாமல் போனவனைப் பற்றி நல்லவனாக இருந்தான், நன்றாக லாரி ஓட்டினான் என்று பேசுகிறது. பாக்கியம் அவன் வீட்டுக்குப் போகிறாள். அவன் பெண்சாதியிடம், ‘அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?’ என்று கேட்கிறாள். ‘அந்தக் கேள்வியால் ஒரு துப்பும் கிடைக்கவில்லை’ என்று எழுதினாள் செண்பகவல்லி. ‘ஆனால் “பிடிக்கும்” என்று கேட்டவள் பாக்கியம் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் அவனை இறந்தகாலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பெண்சாதி அன்றைக்குத்தான் அழுகிறாள். எனக்கு நாவல் அந்த இடத்தில் இருக்கிறது.’

பால்துரை ஓர் எழுத்தை மாற்றவில்லை. இதழ் வந்தது. விளாத்திகுளத்திலிருந்து அந்த எழுத்தாளர் பால்துரைக்குப் போன் செய்தாராம். அந்தக் குழம்புக் கேள்வியை எடுத்துவிடலாம், கதைக்கு வேண்டாத இடம் என்று படித்தவர்கள் எல்லோரும் சொன்னார்களாம். செண்பகவல்லி அதைக் கேட்டுக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போய்க் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள். கந்தவேலுக்குப் பிடித்தது. அவன் போனதிலிருந்து அந்த வீட்டில் அதை வைத்ததில்லை. சுபாஷினி தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபோடு வந்தாள். அண்ணன் தான் சொன்னபடியே ‘தெய்வத்திரு’ போட்டு அடிக்கக் கொடுத்துவிட்டிருந்தார். மறுநாள் காலையில் அச்சேற்ற வேண்டும். மகளைக் கேட்டதற்கு, நீ எப்படிப் போட்டாலும் எனக்குச் சம்மதம்மா என்றிருந்தாள். அப்படிச் சொன்னது செண்பகவல்லிக்குப் பாரமாகப் போயிற்று. எதையாவது ஒன்றைக் கேட்டு மகள் பிடிவாதம் பிடித்திருக்கலாம் என்று இருந்தது.

பால்துரை சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘சுற்றமும் நட்பும்’ என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, வைத்தார். மண்டபத்தின் பெயரில் ஓர் ஒற்று மிகையாக இருந்தது, எடுத்தார். பெண்ணின் தகப்பன் பெயர் இருந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

“அண்ணனையும் குத்தம் சொல்ல முடியல சார்” என்றாள். “நாலு பேரு கேப்பாங்கதான். தெய்வத்திருன்னு இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. திருன்னு போட்டா, மண்டபத்து வாசல்ல அவரு நிக்கணும். நான் எதைப் போட?”

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது.

“உங்களுக்குத் தெரிஞ்சது எதுவரைக்கும் அக்கா?”

செண்பகவல்லி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு முக்கில் திரும்பும்போது கந்தவேல் எப்போதும் ஒரு தரம் பின்னால் பார்ப்பான். அன்றைக்குப் பார்த்தானா என்று அவளுக்கு நினைவில்லை. பால் பொங்குகிறதென்று அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

“பேரு வரைக்கும் சார்.”

பால்துரை பெயருக்கு முன்னால் இருந்த ‘தெய்வத்திரு’வை விரலால் மறைத்து, பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அதுவரைக்கும் இருக்கட்டும்.”