கொற்றனின் தொடை ஊமையான கதை

அந்தக் காலத்தில் எறும்பு பேசும், பனைமரம் பேசும், மனிதனுடைய தசைகூடப் பேசும். அதிலும் தொடைத்தசைக்கு வாய் நீளம். ஆள் நடந்தாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி, அது ரத்தத்தின் வழியே ஒரு தூதுவனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவன் கொழுப்பிடம் போய், "கிடந்தது போதும், எரி" என்பான். சர்க்கரையைக் கண்டால், "வழியில் நிற்காதே, உள்ளே வா" என்று தசைக்குள் கூட்டிப் போவான். அதனால் அன்றைக்கு யாருக்கும் தொப்பையும் இல்லை, சர்க்கரை நோயும் இல்லை.

பனங்காட்டு ஊரான வறட்டேரியில் கொற்றன் என்று ஒருவன் இருந்தான். மூன்று வருடம் மழை பொய்த்து, ஊரே மூட்டை கட்டிய நேரத்தில், அவன் ஒற்றை ஆளாகக் கிணறு வெட்டினான். பதினோரு மாதம் பாறையை உடைத்துத் தண்ணீர் கண்டான். ஊர் பிழைத்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் கண்டவன் காலில் அதன்பிறகு மண் படக் கூடாது. வீட்டில் கட்டில், வெளியே போனால் பல்லக்கு. வீட்டுக்கு ஒரு வேளை என்று முறை வைத்துப் பதநீரும் கருப்பட்டியும் நெய்ச்சோறும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்கள், பாவிகள்.

தொடைத்தசைக்குப் பொறுக்கவில்லை. கிணற்றுக்குப் பூசை போட்ட அன்று, ஊர் கூடியிருந்த இடத்தில் கத்திவிட்டது.

"கொற்றா, இறங்கி நட. நீ கிடக்கக் கிடக்க நான் தேயறேன். ஆள் அனுப்பி அனுப்பியே எனக்குச் சத்துப் போச்சு."

கூட்டம் சிரித்தது. கொற்றனுக்கு முகம் செத்துப்போனது. பல்லக்கிலிருந்தபடியே கிணற்றின் கைப்பிடிச் சுவரில் கையை வைத்தான்.

"நான் உன்னை வேலை வாங்கினா மட்டும் ஆள் அனுப்பு. இல்லேன்னா வாயே திறக்காதே. இந்தக் கிணத்து மேல ஆணை."

கிணற்றின் மேல் இட்ட ஆணையைத் திரும்ப எடுக்க முடியாது. தசை வாயை மூடிக்கொண்டது; அன்றோடு எல்லா மனிதர்களின் தசைக்கும் அதே கட்டுதான்.

அதற்குப் பிறகு கொழுப்பை எழுப்ப ஆள் இல்லை. கொற்றனுக்கு வயிறு சரிந்தது. "நம்ம சோறு ஒட்டுது பாரு" என்று ஊர் பூரித்துப் போனது. கூட்டிப் போக ஆளில்லாத சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கியது. ஒரு குடம் தண்ணீர் குடித்தும் அவனுக்குத் தாகம் அடங்கவில்லை.

கொற்றனின் மனைவி நக்கை கொல்லையைக் கூட்டும்போது, ஒரு எறும்பு அவளைக் கூப்பிட்டது.

"தாயி, உன் புருஷன் மூத்திரம் பாகு மாதிரி இனிக்குது. எங்களுக்கு விருந்துதான். ஆனா தின்னது அவருக்குச் சேராம வெளியே போவுது. அவரை நடக்க வை."

நக்கை பல்லக்குத் தூக்கும் சாத்தனிடம் ஓடினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவரு கால்ல மண்ணு பட்டா கிணறு வத்திடும் தாயி. எங்க புள்ளைங்க என்னத்தக் குடிக்கும்?"

புருஷனிடம் கெஞ்சினாள். "இறங்குங்க. நான் பிடிச்சுக்கறேன்."

"ஊர் முன்னால என் மானத்தை வாங்காதே நக்கை" என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பிறகு பல்லக்கு மரத்தின் சிம்பு ஒன்று முள்போலக் குதிகாலில் ஏறியது. சின்னப் புண்தான். ஆறவே இல்லை. கால் கறுத்தது, பார்வை மங்கியது. அப்போதுதான் கொற்றனுக்குப் பயம் வந்தது. ஊரார் பனையேறப் போயிருந்த ஒரு பகலில், "என்னை இறக்கு. கிணத்துக்கு நடக்கணும்" என்றான்.

நக்கை வேட்டியை விலக்கினாள். பாறை உடைத்த கால் விறகுக்குச்சி போல இருந்தது. அவன் அதைத் தடவி, "இப்பப் பேசு" என்றான். அது பேசவில்லை. மூன்று அடி நடந்தான். தசை தன்னிடம் மிச்சமிருந்த தூதுவனை அனுப்பத்தான் செய்தது. ஆனால் காலம் கடந்திருந்தது. நாலாவது அடியில் விழுந்து, தான் வெட்டிய கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, தாகம் தாகம் என்று சொல்லிச் செத்தான்.

கிணறு வற்றவில்லை. அந்தத் தண்ணீரை இறைத்துத்தான் நக்கை அவனைக் குளிப்பாட்டினாள். பிறகு எறும்புப் புற்றின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"தசை இனிமே சொல்லாது. நீங்களாவது வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க."

எறும்புகள் வாக்குக் கொடுத்தன. அப்புறம் அவற்றுக்கும் பேச்சுப் போனது. ஆனாலும் அன்று கொடுத்த வாக்குக்காகத்தான், நடக்காத காலின் தசை ஊமையாகவே கிடக்கும் வீடுகளில், இன்றைக்கும் எறும்புகள் கொல்லைப்புறம் வந்து, மூத்திரம் பட்ட இடத்தை மொய்க்கின்றன.