ஆறாத கிண்ணம்

மலையடிவாரத்து மடத்தில் அடுப்பு அணையக் கூடாது என்பது வழக்கம். மடத்தைத் தொடங்கியவர் ஏற்றிய தீ என்பார்கள். விறகு போய், மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குச்சிகள் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை.

அடுப்பைக் காக்கும் பொறுப்பு இப்போது கொழுந்தப்பரிடம் இருந்தது. லாரிப் பட்டறையை மகன்களிடம் விட்டுவிட்டு, நிம்மதி தேடி மடத்துக்கு வந்தவர். பாவம், அது மட்டும் கிடைக்கவில்லை. தூங்கும்போதும் ஒரு காது அடுப்பின் விசிறிச் சத்தத்திலேயே இருந்தது.

அன்று மதியப் பந்தி முடிந்ததும் மடத்துத் தலைவியிடம் ஓடினார். அவர் கொழுந்தப்பரைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எரிகிண்ணம் மறுபடியும் ஓட்டையாயிருச்சுங்கம்மா."

குச்சிகள் விழுந்து எரிகிற கிண்ணம் அது. அது போனால் அடுப்பே போனது.

"போன மாசந்தானே மாத்துனீங்க?"

"ஆமாங்க. புது அடுப்புல எல்லாம் தகடு. பழைய அடுப்புல இருந்தது வார்ப்பிரும்பு. எனக்கு முன்னாடி அடுப்பைக் காத்த திருவம்பலம் ஐயா உசுரோட இருந்த வரைக்கும் அதை மாத்துனதே இல்லீங்களே."

"புதுசு மெல்லிசுதான்" என்றார் அம்மா.

"வேற கிண்ணம் நாளைக்குத்தான் வருது. சாயங்காலம் பாதயாத்திரைக்காரங்க வர்றாங்க. அவங்களுக்குச் சமைக்க மட்டும்னா இது தாங்கும். அது வரைக்கும் விடாம எரிச்சா அடியே கழண்டுரும்."

"தீயை மண்சட்டியில எடுத்து வைங்களேன்."

"கிண்ணம் மாத்துற நேரத்துக்குத் தாங்கும். சாயங்காலம் வரைக்கும் வெச்சா சாம்பல்தான் மிஞ்சும்."

"அப்போ நிறுத்திருங்க."

கொழுந்தப்பருக்கு வந்ததே கோபம். "என் கையால அணைக்கிறதுங்களா? அதுக்கு நான் பட்டறைக்கே திரும்பிப் போயிர்றேன்!"

அம்மா அடுத்த வெண்டைக்காயை எடுத்தார். கோபம் போய்க் கொழுந்தப்பரின் குரல் உடைந்தது.

"கிண்ணத்தைச் சொல்லி என்னங்க. நானும் அந்தத் தகடு மாதிரிதான். ஐயா காலம் பூராக் காத்தாரு. எனக்கு ஒரு வருசத்துக்கே ஒடம்பு பதறுது. உக்கார முடியல, தூங்க முடியல."

அம்மா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். அடுக்களைக்குள் போய் அடுப்பின் சுவிட்சை நிறுத்தினார்.

குச்சி விழுவது நின்றது. தீ தாழ்ந்து, சிவந்து, இல்லாமல் போனது. விசிறி இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அதுவும் ஓய்ந்தது. பின்னாலேயே வந்த கொழுந்தப்பர் நெஞ்சில் கை வைத்தபடி நின்றார்.

"போச்சு. என் காலத்துல போச்சு."

"திருவம்பலம் ஐயா தினமும் பந்தி முடிஞ்சதும் இப்படித்தான் நிறுத்துவாரு" என்றார் அம்மா. "இங்கே காய் நறுக்க வந்த காலத்துலயே பாத்திருக்கேன். கிண்ணம் ஆறுனதும் சாம்பலைச் சுரண்டி எடுப்பாரு. அப்புறம் துண்டை விரிச்சுப் படுத்தா நல்ல தூக்கம்."

கொழுந்தப்பர் அடுப்பிலிருந்து அம்மா பக்கம் திரும்பினார்.

"யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"அவரு மறைக்கலீங்க. யாரும் கேக்கல."

"மறுபடி எப்போ ஏத்துவாரு?"

"யாராச்சும் பசின்னு வந்தா. எந்நேரமானாலும் எந்திரிச்சுப் பத்த வைப்பாரு."

கொழுந்தப்பர் அடுப்பின் மேல் கை வைத்துப் பார்த்தார். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. அடுக்களை இவ்வளவு அமைதியாக இருந்து அவர் கேட்டதே இல்லை. அது அவருக்குப் பிடிக்கவுமில்லை.

"அப்படின்னா, இத்தனை வருசமா இங்கே அணையாம இருந்தது எதுங்கம்மா?"

அம்மா திரும்ப வந்து வெண்டைக்காயின் முன் உட்கார்ந்தார்.

"பசியோட வந்தவங்க ஒருத்தரும் பசியோட திரும்பிப் போனதில்லீங்க."