பட்டாளத்துத் தோட்டா

தனக்குச் சீடர்கள் வேண்டும் என்று செலின் டீச்சர் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. மலைமேல் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம், அதை ஒட்டிக் கொஞ்சம் காப்பித் தோட்டம், அப்பா விட்டுப்போன ஒரு ரைபிள். அவருக்கு அது போதும். பயிரைக் காக்கப் பன்றி சுடலாம் என்று சர்க்கார் லைசென்ஸ் கொடுத்திருந்த காலம் அது. ஒரு பன்றிக்கு ஒரு குண்டுக்கு மேல் டீச்சர் செலவழித்ததில்லை. அதைக் கேள்விப்பட்டுத் தங்கையா அண்ணாச்சி தானாகவே மலையேறி வந்து சீடராகச் சேர்ந்துகொண்டார்.

சீடர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வத்தலக்குண்டில் சினிமாக் கொட்டகை நடத்தினார். பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். பேச்சு இன்னும் அங்கேயே இருந்தது. தங்கமான மனுஷர். ஆனால் அவருடைய ஆசைக்கும் அவருடைய குறிக்கும் ஏழாம் பொருத்தம்.

அந்த மலையில் ஒரு வழக்கம். யாருடைய குண்டு பட்டு ஒரு பன்றி சாகாமல் ஓடுகிறதோ, அந்தப் பன்றி அவருடையது. அவரேதான் அதைத் தேடி முடிக்க வேண்டும். வேறு யாரும் அதன்மேல் குறி வைக்கக் கூடாது. முடிக்கும்வரை அவர் கறி தின்னக் கூடாது.

தை மாதம் அண்ணாச்சி சுட்ட பன்றி பின்னங்காலில் குண்டோடு ஓடியது. சித்திரை பிறந்தும் அது சாகவில்லை. நொண்டிக்கொண்டே வந்து மூக்கனின் மரவள்ளிக் கொல்லையைத் தோண்டித் தின்றது. மூக்கன் டீச்சர் தோட்டத்துக் காவல்காரன். வலி கண்ட பன்றிக்கு மனுஷரைக் கண்டாலே ஆகவில்லை. ஒருநாள் மூக்கனை விரட்டிப் பலாமரத்தில் ஏற்றிவிட்டு, மரத்தடியிலேயே படுத்துக்கொண்டது. பெண்கள் அந்தப் பக்கம் விறகுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள்.

டீச்சர் நினைத்தால் ஒரு காலைப் பொழுதில் முடித்திருப்பார். வழக்கம் கையைக் கட்டியிருந்தது. "அண்ணாச்சி வரட்டும்" என்று மலையே அண்ணாச்சியின் குறிக்காகக் காத்திருந்தது. அதைவிட மோசமான நிலைமை ஒரு மலைக்கு வர முடியாது.

அண்ணாச்சிக்கும் அது தெரியும். கறி இல்லாத சோற்றைக்கூடப் பழகிக்கொண்டார். அந்தப் பன்றி நொண்டுவதை நினைத்தால்தான் அவருக்கு மனசு ஆறவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு காலையில் அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் புது ரைபிள். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியதாம். டீச்சர் முற்றத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இதப் பாருங்க. மேக்னம்!"

ஒரு தோட்டாவை எடுத்து நீட்டினார். கட்டைவிரலைவிடப் பருமனாக, அடியில் இடுப்புப் பட்டை கட்டியதுபோல் ஒரு வளையத்தோடு பளபளவென்று இருந்தது.

"யானைக்கே இது ஒண்ணு போதுமாம்."

"யானையா சுடப் போறீங்க அண்ணாச்சி?"

"பன்னிக்குத்தான். இந்தத் தடவ அது தப்பக் கூடாதுல்லா. எங்க பட்டாலும் விழணும்."

"எங்க பட்டாலுமா?"

"வால்ல பட்டாலும்."

மூக்கன் காப்பிக்கொட்டையைக் கிளறியபடியே சொன்னான். "வாலும் பன்னிகிட்டதான அண்ணாச்சி இருக்கு. மொதல்ல அந்தப் பக்கமா குண்டு போகணுமே."

"ஏலே, நீ சும்மா கெட." அண்ணாச்சி டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"ஒங்க ரைபிள்ல போடுதீங்களே, ஏழு எம்.எம்., அது பட்டாளத்துத் தோட்டா. நான் பொறக்க முந்தி, சண்டைக்குன்னு ஜெர்மன்காரன் செஞ்சது. அதுக்கப்புறம் வேட்டைக்குன்னே எத்தனையோ வந்தாச்சு. நீங்க ஏன் இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழுதீங்க? அப்படி என்ன இருக்கு அதுல?"

டீச்சர் கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"மூக்கா, அந்தப் பூசணிக்காயை எடுத்து வரப்புல வை."

"நான் கேட்டதுக்குப் பதிலு?"

"பூசணிக்காயைச் சுடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி காலை அகட்டி நின்று சுட்டார். மலை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவர் தலையிலிருந்த தொப்பி பின்னால் போய் விழுந்தது. அவரும் இரண்டடி பின்னால் போய் நின்றார். பூசணிக்காய் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பத்தடி தள்ளி நின்ற ஒரு வாழை மெதுவாகச் சாய்ந்தது.

"பவரப் பாத்தீங்களா!" என்றார் அண்ணாச்சி, தோளைத் தடவிக்கொண்டே.

"பாத்தேன். குடுங்க."

டீச்சர் ரைபிளை வாங்கித் திரும்பி நின்று உள்ளே ஒன்றைப் போட்டார். அடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொரு தரம்."

அண்ணாச்சி குறி பார்த்தார். விசையை இழுத்தார்.

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் வெடிக்காத அந்தத் துப்பாக்கிக்கு அண்ணாச்சி செய்யவேண்டியதையெல்லாம் செய்து முடித்திருந்தார். கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. தோள் குலுங்கியது. பல்லைக் கடித்திருந்தார். ரைபிளின் முனை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டீச்சர் போட்டது ஏற்கெனவே வெடித்த வெறும் கூடு.

மூக்கன் வேறு எங்கோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு மட்டும் குலுங்கியது.

"டீச்சர், இதுல குண்டு இல்ல."

"இல்ல."

"பொறவு நான் எதுக்கு ஆடுனேன்?"

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அண்ணாச்சி ரைபிளைப் பார்த்தார். பூசணிக்காயைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். தன் கொட்டகையில் காமெடி சீனுக்குக்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

"அப்ப தை மாசம்?"

"தை மாசமும் கண்ண மூடிக்கிட்டுத்தான் சுட்டீங்க."

"சொல்லியிருக்கலாம்லா டீச்சர்."

"சொன்னேன். தோட்டா சின்னதுன்னீங்க. அதுக்கு முந்தி வச்சிருந்ததையும் சின்னதுன்னீங்க. ஒவ்வொரு தடவையும் கீழ போயிப் பெருசா ஒண்ணு வாங்கிட்டு வந்தீங்க."

அண்ணாச்சி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"எந்திரிங்க" என்றார் டீச்சர். உள்ளே போய்த் தன் ரைபிளை எடுத்துவந்தார். தோட்டா ஒன்றை அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தார். ஒல்லியாக, அலட்டல் இல்லாமல் இருந்தது.

அன்று பொழுது முழுக்க அதுதான் வேலை. டீச்சர் திரும்பி நின்று போடுவார். அண்ணாச்சி வாங்கிச் சுடுவார். உள்ளே இருப்பது நிஜத் தோட்டாவா வெறும் கூடா என்று அவருக்குத் தெரியாது. முதலில் இதற்கும் ஆடினார். 'டிக்' என்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் முனை தரையைப் போய்த் தொட்டது. நிஜத் தோட்டா வெடித்தபோது, தேர்க் கூட்டத்தில் யாரோ தோளால் இடித்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. இதற்கா பயந்தோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"சத்தத்துக்குக் காத்திருக்காதீங்க. பூசணிக்காயைப் பாருங்க."

"பாக்கேன்."

"கண்ணத் திறந்து பாருங்க."

வெயில் ஏறியது. கஞ்சி குடித்தார்கள். மறுபடி 'டிக்'. மூக்கன் பக்கத்தில் குந்தி, முனை குனியும்போதெல்லாம் "நமஸ்காரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆக ஆக அவனுக்குச் சொல்ல வாய்ப்புக் குறைந்தது. கடைசியில் ஒருமுறை 'டிக்' கேட்டது, முனை அசையவே இல்லை. அடுத்ததற்குப் பூசணிக்காய் சிதறியது.

"அய்யய்யோ, குண்டு இருந்துச்சா?" என்று அண்ணாச்சி திடுக்கிட்டார்.

மூக்கன் சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கூட்டு வைக்கப் போனான்.

மறுநாள் பலபலவென்று விடியும்போது அவன் ஓடிவந்தான். பன்றி கொல்லையில் நிற்கிறது. மூவரும் போனார்கள். டீச்சர் இரண்டு ரைபிளையும் எடுத்துவந்து கொல்லை ஓரத்துப் பலாமரத்தில் சாய்த்து வைத்தார்.

"எடுத்துக்குங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி தன் மேக்னம் ரைபிளைப் பார்த்தார். அதன்மேல் அவருக்கு இன்னும் ஆசை போகவில்லை. ஆனாலும் டீச்சருடைய ரைபிளைத்தான் எடுத்தார். தோட்டாவைப் போடும்போது ஒன்று கை தவறிச் சருகுக்குள் விழுந்தது. குனிந்து தேடத் தைரியம் இல்லை. இன்னொன்றைப் போட்டார்.

மரவள்ளிச் செடிகள் அசைந்தன. பன்றி வெளியே வந்தது. மூக்கெல்லாம் மண். பின்னங்கால் ஒன்று தரையில் பாவவில்லை. அண்ணாச்சி அந்தக் காலைப் பார்த்தார். "மன்னிச்சுக்கப்பா" என்று அவர் முனகியது டீச்சருக்குக் கேட்டது.

பன்றிக்கும் கேட்டிருக்க வேண்டும். தலையைத் தூக்கியது. பிடரி மயிர் சிலிர்த்தது. நேராக அண்ணாச்சியைப் பார்த்து வந்தது. மூன்று காலில் ஓடுகிற பன்றியும் பன்றிதான், வேகத்துக்குக் குறைவில்லை. மூக்கன் எப்போது மரமேறினான் என்றே தெரியவில்லை.

டீச்சர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மேக்னம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அண்ணாச்சியின் தோளுக்குப் பக்கத்தில் நின்றார்.

அண்ணாச்சி சுட்டார்.

பன்றியின் முன்னங்கால்கள் மடிந்தன. வந்த வேகத்தில் கொஞ்சதூரம் சறுக்கி வந்து, வரப்பில் மோதி நின்றது. பிறகு அசையவில்லை.

வெடிச்சத்தம் எதிர்மலையில் போய்த் திரும்பி வரும்வரை அண்ணாச்சி அப்படியே நின்றார். அவருடைய கண்கள் திறந்தே இருந்தன.

மெதுவாகப் போய்ப் பன்றியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னங்காலில் பழைய காயத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணீர் வந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"ரொம்ப வலிச்சிருக்கும்லா டீச்சர்?"

"வலிச்சிருக்கும்."

மரத்திலிருந்து இறங்கிய மூக்கன் பன்றியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "அண்ணாச்சி, வாலுக்கு ஒண்ணும் ஆகல."

அதோடு அழுகை போய்விட்டது. சேதி பரவி, பெண்கள் கூடையும் அரிவாளுமாக வந்து சேர்ந்தார்கள். அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள், வாழ்த்தினார்கள், அவரால் காட்டில் கிடந்து மட்கிய விறகுக்கெல்லாம் சேர்த்து வைதார்கள். அவர் எல்லாவற்றுக்கும் கையெடுத்துக் கும்பிட்டார்.

மத்தியானம் மூக்கன் வீட்டு வாசலில் இலை போட்டார்கள். அண்ணாச்சிக்குத்தான் முதல் கறி. ஒரு வாய் தின்றார். கண்ணை மூடி ருசித்தார். இதற்கு மூடலாம் என்று டீச்சர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் சோற்றில் அண்ணாச்சியின் கை நின்றது.

"டீச்சர், ஒரு உண்மையச் சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"நேத்துப் பூரா அத்தன தடவ சுட்டேம்லா. பயம் போயிரும்னு நெனச்சேன். போகல. அது ஓடி வரும்போது எனக்கு முட்டு ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சு."

"பாத்தேன். பக்கத்துலதான நின்னேன்."

"இவ்ளோ பயந்தவன் சுட்டது எப்படி பட்டுச்சு? நேத்துக் கேட்டதுக்கே நீங்க பதில் சொல்லல. அந்தப் பட்டாளத்துத் தோட்டாவுல அப்படி என்னதான் இருக்கு?"

டீச்சர் சட்டியை எடுத்து அவர் இலையில் இன்னொரு கரண்டி கறி வைத்தார்.

"தோள ஒதைக்காம அதச் செஞ்சவனுக்கு, சுடப்போற சிப்பாய் யாரு, எந்த ஊர்க்காரன், உழவனா, தச்சனா, ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. பயந்துகிட்டேதான் சுடுவான்ங்கிறது மட்டும் தெரியும்."