தளவாயின் கைராசி

"ஆசானே, எனக்குக் கைராசி கிடையாது."

"எந்தக் கைக்கு?" என்றாள் பேராச்சி.

"ரெண்டு கைக்குந்தான். ஒரு வாரமாப் பாக்கேன். நான் தொட்டா லேப்டாப் அணையுது. நீங்க தொட்டா எரியுது."

ஒரு கேள்வியைப் பேராச்சி ஒரு தடவைதான் கேட்பாள்.

திருநெல்வேலி ஜங்ஷனில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவளுடைய லேப்டாப் சர்வீஸ் கடை. அவளுக்கு முப்பது சொச்சம் வயது. சிஷ்யர் தளவாய்க்கு அறுபது தாண்டிவிட்டது. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அவளை 'ஆசானே' என்பார். அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள். இதில் யார் பெரியவர் என்று வருகிறவர்களுக்கெல்லாம் குழப்பம். அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் இல்லை.

வேலைக்காலம் முழுக்க பானெட்டைத் திறக்க மெக்கானிக்குக்காகக் காத்திருந்த மனுஷன். இப்போது தன் கையால் எதையும் திறந்து பார்க்கலாம். காலையில் இந்த மாடிப்படி ஏறும்போது அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அந்த சந்தோஷத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. மேஜைமேல் இருந்தது அவர் மனைவி சண்முகவடிவின் பழைய லேப்டாப். திரை கறுத்துப்போய்க் கிடந்தது.

"சாயங்காலம் வடிவு வருவா. அதுக்குள்ள இது என் கையால எரியணும். இல்லாட்டி நாளையிலருந்து மச்சினன் பாத்திரக்கடையில போய் உக்காந்திருதேன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"மச்சினன்கிட்டயே."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத வம்சம்.

"அவன் நாற்காலியே வாங்கிப் போட்டுட்டானாம்" என்றார் பரிதாபமாக.

"தொடங்குங்க" என்றாள் பேராச்சி.

தளவாய் பட்டனை அமுக்கினார். உள்ளே காற்றாடி சுற்றியது. தொடங்கும் சத்தமும் கேட்டது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அமுக்கினார். அதே கறுப்பு.

"ஸ்கிரீன் செத்துப்போச்சு ஆசானே. தூக்கிப் போட வேண்டியதுதான்."

பேராச்சி எழுந்து கடை விளக்கை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். ஒரு டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள்.

"சாச்சு அடிங்க."

திரைக்குப் பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் அடித்தார். முதலில் கறுப்புதான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கறுப்புக்குள் மங்கலாக குற்றால அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அருவிக்கு அடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வடிவு.

"ஆசானே! வடிவு உள்ள இருக்கா!"

"அப்பம் எதுக்கு சாவுச் செய்தி சொன்னீய?"

தளவாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படம் இருக்கிறது, பின்னால் இருந்து வர வேண்டிய வெளிச்சம்தான் இல்லை. மூடியைக் கழற்றினார். கீல் ஓரத்தில் ஒரு வயர், திறந்து மூடித் திறந்து மூடி நைந்து அறுந்திருந்தது.

மூலையில் செத்த லேப்டாப்கள் ஒரு குவியல். அதே மாடல் ஒன்று அடியில் கிடந்தது. போர்டு எரிந்து போனது, ஆனால் கீல் வயர் முழுசாக இருந்தது. நகம் படாமல் அதை உருவி எடுத்து, வடிவின் லேப்டாப்பில் பதமாகச் சொருகினார். மத்தியானச் சாப்பாட்டை மறந்தே போனார்.

எல்லாவற்றையும் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ குறைந்தது.

மேஜையைத் தடவினார். தரையில் மண்டிபோட்டுத் தேடினார். சட்டைப்பையை உதறினார். பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினார். யாரோ தொலைத்த கம்மல் ஒன்று கிடைத்தது, ஸ்க்ரூ கிடைக்கவில்லை.

"ஒரு ஸ்க்ரூவக் காணும் ஆசானே."

"கைய விட்டு எங்க போகும்?"

"கையில இல்லையே" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

பேராச்சி பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

ஸ்க்ரூ குறைந்தபடியே மூடி, வலது கை விரலால் பட்டனை அமுக்கினார். குபீரென்று வெளிச்சம். பச்சை மலை, வெள்ளை அருவி, வடிவு. தளவாய் நின்ற இடத்திலேயே ஒரு ஆட்டம் போட்டார். கீழே ஜவுளிக்கடைக்காரர்கள் மேலே அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

சாயங்காலம் வடிவு வந்தாள். தளவாய் அவளை உட்காரவைத்துப் பாடம் எடுக்கத் தொடங்கினார்.

"இந்தா பாரு, மூடியில ஒரு துளி காந்தம் இருக்கு. மூடுனா அந்தக் காந்தம் இங்கன, கீபோர்டு ஓரத்துக்கிட்ட வரும். உடனே லேப்டாப், சரி மூடியாச்சுன்னு நெனச்சு ஸ்கிரீன அணைச்சிரும். எப்பிடி?"

"நல்லாருக்கு. எனக்குப் படம் தெரியுதா, அதச் சொல்லுங்க."

"இப்பம் பாரு." இரண்டு கையையும் கீபோர்டில் வைத்தார்.

திரை அணைந்தது.

கையை எடுத்தார். சற்று நேரத்தில் அருவி வந்தது. கையை வைத்தார். போய்விட்டது.

"தள்ளுங்க" என்று வடிவு உட்கார்ந்தாள். தட்டினாள். தங்கை மகள் கல்யாணப் படங்களைத் திறந்தாள். அருமையாக எரிந்தது.

"நல்லாத்தான இருக்கு? நீங்க தொடாம இருந்தாப் போதும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். தளவாய் மேஜையில் அடுக்கியிருந்த ஸ்க்ரூடிரைவர்களை ஒன்றொன்றாகப் பார்த்தார். இந்த இடத்தை விட்டுப் போக அவருக்குக் கொஞ்சமும் மனசில்லை.

"மச்சினனுக்குப் போன் போடு வடிவு. சொன்ன சொல்லு சொன்னதுதான். காலையில வாரேன்னு சொல்லு."

வடிவு தயங்கித் தயங்கித் தம்பியை அழைத்தாள். மணி அடித்தது.

பேராச்சி எழுந்து வந்தாள். தளவாயின் இடது கையைப் பிடித்தாள். உள்ளங்கை கீழே போகும்படி திருப்பினாள். சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

மணிக்கட்டில் கறுப்பு மணிகள் கோத்த வளையம். அதன் முதுகில் ஒரு சின்ன ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது போன வாரம் பொருட்காட்சியில நான் வாங்குன காந்த வளையம்லா!" என்றாள் வடிவு. "தோள்வலிக்கு நல்லதுன்னு நாந்தான மாட்டிவிட்டேன்!"

தளவாய் ஸ்க்ரூவைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். சற்று முன் தான் விரல் வைத்துப் பாடம் எடுத்த கீபோர்டு ஓரத்தைப் பார்த்தார்.

முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

வளையத்தைக் கழற்றி வடிவு மடியில் போட்டார். ஸ்டியரிங்கைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையையும் லேப்டாப்மேல் வைத்தார்.

அருவி நிற்காமல் கொட்டியது.

போனில் மச்சினன் கத்திக்கொண்டிருந்தான். "அக்கா, அத்தான் எப்ப வாராரு?"

"அந்த நாற்காலியில நீயே உக்காந்துக்கோ மாப்ள!" என்றார் தளவாய்.

வடிவுக்கு மட்டும் ஒரு கவலை. "ஏங்க, தோள்வலி?"

தோளைச் சுழற்றிப் பார்த்தார். "வலிக்கு வடிவு. சொகமா வலிக்கு."

பிறகு காணாமல் போன ஸ்க்ரூவை அதன் இடத்தில் வைத்து முடுக்கினார். கடைசித் திருகில் கை நின்றது.

"ஆசானே, இது உங்களுக்குக் காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"கேட்டேன்லா அண்ணாச்சி" என்றாள் பேராச்சி. "எந்தக் கைக்குன்னு."