இரட்டைக் கயிறும் தாமரைத் தீவும்

மேகங்கள் மனிதரோடு மனிதராகத் தெருவில் நடமாடிய காலம் அது. மஞ்சுமலை நாட்டை மகேந்திரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மத்தியானத் தூக்கத்தில் கண்ட கனவைச் சாயங்காலமே சட்டமாக்கிவிடுவான்.

அந்த நாட்டுக் காசை யாரும் கையால் தொட்டதில்லை. பன்னிரண்டு மலைகளில் பன்னிரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நீளக் கயிறு. அந்தி சாயும்போது ஏரிக்கரைக் கோபுரத்தில் சங்கு ஊதி, "இன்னார் இன்னாருக்கு இவ்வளவு!" என்று கூவுவார்கள். அந்தக் குரல் பனிக்குள் மிதந்து மலைக்கு மலை போகும். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே மாதிரி முடிச்சு விழும்; அந்த முடிச்சுதான் காசுக்குக் கணக்கு. எவனாவது தன் ஊர்க் கயிற்றில் கள்ள முடிச்சுப் போட்டால், மற்ற பதினொன்றும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏரிக்கரைக் கயிறு வல்லியக்காளின் பொறுப்பு. முப்பது வருஷமாக அந்தக் கோபுரமே அவளுக்கு வீடு. கடைசி மலையிலிருந்து "ஆச்சு!" என்று பதில் குரல் வரும் நேரம், நாடு முழுவதும் தன் மடியில் தலைவைத்துப் படுத்ததுபோல அவளுக்கு இருக்கும்.

ஒரே ஒரு குறை. ஒரு அந்திக்குப் பத்து முடிச்சுதான் போடலாம் என்பது பழைய விதி. சனம் பெருகிப்போச்சு. மீன் விற்றவன் காசுக்கு நாலு நாள் காத்துக் கிடந்தான். கயிற்றைப் பெரிதாக்கு என்று பாதி ஊர், தொட்டால் கை வெட்டு என்று மீதி ஊர்.

வல்லிக்கு ஊரார் கொடுக்கும் மரியாதையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்த தாண்டவராயருக்கு இது நல்ல சமயமாகப் போயிற்று. அவர் ராஜாவின் பக்கத்து ஆசனக்காரர்.

"மகாராஜா, கயிற்றை இரண்டாக்கிவிடுவோம். பழையதில் இருக்கிற முடிச்சையெல்லாம் அப்படியே புதியதிலும் போட்டுவிட்டால், உங்களுக்கு அதிலும் லட்சம், இதிலும் லட்சம். புதுக் கயிற்றில் அந்திக்கு நூறு முடிச்சு. அதை அடியேன் பார்த்துக்கொள்கிறேன்."

"ஆகா! இன்று மத்தியானம் இரண்டு நிலா வந்ததைக் கனவில் பார்த்தேனே!" என்றான் ராஜா.

சபையில் நின்றிருந்த வல்லியால் வாயை அடக்க முடியவில்லை. "மகாராஜா, இரண்டு நிலா வந்தால் ஏரி எதைப் பார்த்துப் பொங்கும்? இது ஊரைக் குழப்பிவிடும்."

"பார்த்தீர்களா திமிரை!" என்று தாண்டவராயர் குதித்தார். "ஒரு நாள் சோதித்துப் பார்ப்போம். குழப்பம் வரும் என்று இவள் காட்டட்டும். காட்டாவிட்டால் கோபுரத்தை விட்டு, நாட்டை விட்டே போகட்டும்!"

ராஜா தலையாட்டிவிட்டான். அந்த வயதில் வல்லி எங்கே போவாள்? அந்தக் குரல்கள் கேட்காத ஊரில் அவளுக்குத் தூக்கம் வருமா?

மறுநாளே பன்னிரண்டு கோபுரங்களிலும் புதுக் கயிறு தொங்கியது. பக்கத்திலேயே தாண்டவராயரின் ஆட்கள் உட்கார்ந்தார்கள். வல்லி சபைக்கு வந்து கைகூப்பினாள்.

"ஐயா, இரண்டு கயிறும் சமம்தானே?"

"சந்தேகமென்ன!"

"அப்படியானால் புதுக் கயிற்றுக் காசில் முதல் பொருளை நீங்களே வாங்குங்களேன். ராஜாவின் தாமரைத் தீவு மேல் உங்களுக்கு ஒரு கண் என்று ஊரே பேசிக்கொள்கிறது."

தாண்டவராயருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நேற்று முளைத்த காசைத் தள்ளிவிட்டுத் தீவை வாங்கலாம், பழைய காசு பத்திரமாக இருக்கும். விலை ஐயாயிரம் என்று பேசி முடித்தார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் அவர் பேரில் இருந்ததே அவ்வளவுதான்.

அந்தியில் கூவப்போகும் முன் வல்லி கேட்டாள். "வழக்கமான கூவல்தானா ஐயா? கூட ஏதாவது சேர்க்கணுமா?"

"எனக்குப் பாடம் நடத்துகிறாயா? கொடுப்பவர், வாங்குபவர், தொகை. மூன்று தலைமுறை வழக்கம். ஒரு சொல் கூடக் கூடாது!"

"உத்தரவு ஐயா."

சங்கு முழங்கியது. "தாண்டவராயர் மகாராஜாவுக்கு ஐயாயிரம்!" குரல் ஏரி மேல் வழுக்கிக்கொண்டு போய்ப் பனிக்குள் மறைந்தது. சற்று நேரத்தில் "ஆச்சு!" என்று ஒரு குரல். அதன் மேலேயே இன்னொரு "ஆச்சு!"

விடிந்ததும் தாண்டவராயர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "மோசம் போனேன்! இரண்டு கயிற்றிலும் என் காசு போய்விட்டது!"

"போகாமல் என்ன செய்யும் ஐயா?" என்றாள் வல்லி. "பழைய கயிற்றுக்காரனுக்கும் காது இருக்கிறது, உங்கள் ஆளுக்கும் காது இருக்கிறது. எந்தக் கயிறு என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டு பேரும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திடீரென்று சிரிப்பு நின்றது. "இரு, இரு. நேற்று நான் யானைப்பாகனுக்குக் கொடுத்தேனே?"

"அதுவும் இரண்டு தடவை, மகாராஜா."

அன்று காலையிலேயே புதுக் கயிறுகள் அவிழ்க்கப்பட்டன. பழைய கயிற்று முடிச்சு மட்டும் செல்லும் என்று தீர்ப்பு. தாண்டவராயருக்குத் தீவு மிஞ்சியது, சல்லிக்காசு மிஞ்சவில்லை. வல்லியைக் கூப்பிட்டு, "என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டான் ராஜா.

"கோபுரம் போதும் மகாராஜா. இன்னொன்றும் உண்டு. தாங்கள் ஒரே ஒரு முடிச்சுக்கு, எல்லாரையும் போல வரிசையில் வந்து நிற்க வேண்டும்."

ராஜா வந்து நின்றான். முதல் அந்தி போயிற்று. இரண்டாம் அந்தியில் பனி அவன் மீசையில் துளியாகக் கோத்தது. மூன்றாம் அந்தியில், "இதற்கு வழியே இல்லையா வல்லி?" என்று கெஞ்சினான்.

"இருக்கிறது மகாராஜா. கத்தரிக்காய்க்கும் மீனுக்கும் ஊருக்கு ஊர் ஒரு சின்னச் சரடு வைத்துக்கொள்ளட்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டிக் கழித்து, மிச்சத்தை மட்டும் பெரிய கயிற்றில் ஒரே முடிச்சாகப் போடலாம். எதையும் பிளக்க வேண்டாம்."

"இது நல்ல யோசனை! இப்போதே ஆணை..." என்று ராஜா வரிசையை விட்டு ஒரு எட்டு விலகினான். பின்னாலிருந்து ஒரு கொய்யாக் கூடை அவன் முதுகை இடித்தது. தீவில் பறித்த பழத்தை விற்றுவிட்டு முடிச்சுக்குக் காத்து நின்ற தாண்டவராயர் சொன்னார்:

"விலகினால் விலகினதுதான் மகாராஜா. அடுத்தது நான்."