பெயருக்கும் நம்பருக்கும் நடுவே

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் அது. இணையப் பக்கத்தில் ஒரு பெயரைத் தொட்டால் அதற்கு அடுத்திருக்கும் போன் நம்பர் பெரிதாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. எந்தப் பெயரைத் தொட்டாலும் வெறும் வெள்ளை.

நிரல் எழுதியவர் ஏகாம்பரம். நாற்பத்தெட்டு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்த மாணவர். பட்டியலைத் தட்டச்சு செய்தவள் பக்கத்து நாற்காலி தவமணி. காலையில் முதலாளி விசாரித்தபோது, தன் சோதனையில் எல்லாம் சரியாக வந்ததே என்று நெஞ்சை நிமிர்த்திய ஏகாம்பரம், நம்பரை விட்டது தவமணிதான் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நின்றிருக்கலாம். யார் குரலும் வரும் வாய் அது.

“வந்து... சார்... நான் வந்து...” என்று அவள் இழுப்பதைப் போலவே இழுத்துக் காட்டினார். ஆபீசே சிரித்தது.

தவமணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். சாயங்காலத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்வதாக முதலாளியிடம் சொல்லியும் ஆயிற்று.

மதியம் ஏகாம்பரத்துக்கு நிரல் சொல்லித் தரும் குரு வந்தார். பெயர் சபீனா. வயது இருபத்தாறு.

“அண்ணே, பெயருக்கு அடுத்தது எது?”

“நம்பர்தான் டீச்சர்.”

“மெஷினைக் கேளுங்க.”

கேட்டார். மெஷின் காட்டியது நம்பரை அல்ல, ஒரு வெற்றிடத்தை. படிக்கிறவர் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று தவமணி ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு என்டர் தட்டி, நம்பரை அடுத்த வரியில் வைத்திருந்தாள். அந்த இடைவெளியும் மெஷினுக்கு ஒரு பக்கத்து வீடு; அடுத்தது எது என்றால் அதைத்தான் காட்டும். ஏகாம்பரம் சோதனைக்காக அடித்ததோ ஒரே மூச்சில் ஒட்டி ஒட்டி அடித்த வரி. அதில் இடைவெளிக்கே இடமில்லை.

தவமணி அடித்த நம்பர்களை எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூட விடுபடவில்லை. காது சுட்டது.

இடைவெளியைத் தாண்டி அடுத்த உருப்படிக்குப் போகச் சொல்ல நிரலில் ஒரு வார்த்தை உண்டு. குரு அதைச் சொல்லிக் கொடுத்தார். மாற்றியதும் நம்பர் பளிச்சென்று வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஏகாம்பரம் கிரிக்கெட் வர்ணனையாளர் குரலில் ஏதாவது அடித்து விடுவார். இன்று குனிந்து விசைப்பலகையைப் பார்த்தார்.

தலையைத் தூக்காமலே கேட்டார். “தப்பு என்னுதுன்னு முதலாளிக்கு ஒரு மெயில் போட்டுடறேன் டீச்சர். தவமணிக்கும் அதுல ஒரு காப்பி வெச்சுடறேன். போதும்ல?”

சபீனா சுவர் ஓரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்காலிக்கும் நடுவே நாலு அடித் தரை கிடந்தது.

“தாண்டிப் போற வார்த்தை மெஷினுக்குத்தான் அண்ணே. நீங்க நடந்து போங்க.”

எழுந்தார். ஆபீசே பார்த்தது. நாலு அடி நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“வந்து...” என்றார். “தவமணி... நான் வந்து...”

அது அவருடைய சொந்தக் குரல்.