பாடிக்கு எர்த் கொடுத்த கதை

நத்தைப்பத்துக்குப் போக ரெண்டு வழி உண்டு. அந்த ஊர்க்காரர்களிடம் வழி கேட்டுவிட்டால் ரெண்டிலும் போய்ச் சேர முடியாது. அந்த ஊரில்தான் ஆவுடையப்பன் இருந்தான். தங்கமான பிள்ளை. யார் எதைச் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது சொன்னபடி செய்கிறவன். அவனுக்கு வாழ்க்கையில் வந்த கஷ்டமெல்லாம் அந்தக் குணத்தால் வந்ததுதான்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் முள்ளிக்குடிப் பேச்சியம்மாள். அவள்மேல் அவனுக்கு உசிர். பூ வைக்கப் போன அன்றைக்கு அவள் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"எங்க அக்காவ மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன கார்ல பாட்டு இல்ல. வழியெல்லாம் துட்டிக் கார்னு நெனச்சு கடையச் சாத்திட்டாவ. என்னைக் கூட்டிட்டுப் போற கார்ல பாட்டு கேக்கணும். இல்லன்னா ஏற மாட்டேன்."

துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு வீடு, இழவு, துக்கம் எல்லாம்தான். கல்யாணப் பெண்ணுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை.

ஆவுடையப்பனிடம் கார் இருந்தது. அப்பா விட்டுப்போன வெள்ளைக் கார். அதில் டேப் செட்டும் இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு கேசட்டை விழுங்கிவிட்டு, அதற்கப்புறம் வாயே திறக்காத செட்டு. அதை மாற்றியாக வேண்டும் என்று கூட்டாளிகளைக் கூட்டினான்.

கூட்டாளிகள் மூன்று பேர். கொம்பையா பத்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். ஒரே தடவையில் முடித்துக்கொண்டு போனவர்களுக்கு அவனைவிட என்ன தெரிந்துவிடப் போகிறது என்பது ஊரின் கருத்து. இசக்கியிடம் சொந்தமாக ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. தவசிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கனத்த குரல்.

நாலு பேரும் பஸ் ஏறி டவுனில் டேனியல் அண்ணாச்சி செட்டுக் கடைக்குப் போனார்கள்.

"வண்டிய எங்கலே?" என்றார் அண்ணாச்சி.

"புது செட்டு மாட்டிட்டு வெளிய எடுப்போம்னு வீட்ல நிக்கு அண்ணாச்சி," என்றான் ஆவுடையப்பன்.

வண்டி வராமல் செட்டு மாட்ட முடியாது என்று விளக்க அண்ணாச்சிக்கு நேரமில்லை. கல்யாண சீசன், கடையில் நிற்க இடமில்லை. ஒரு செட்டையும் ரெண்டு ஸ்பீக்கரையும் எடுத்து வைத்தார்.

"நல்ல செட்டு. பேஸ் அருமையா இருக்கும்."

"பேஸ்னா?"

"அடித்தொண்டையில இருந்து வார சத்தம்லே. பேஸ் இல்லாத பாட்டு உப்பில்லாத கொழம்பு."

ஆவுடையப்பன் அதை மனசில் முடிந்துகொண்டான். "பழைய செட்ட என்ன செய்ய அண்ணாச்சி?"

"அந்தச் சவத்தக் கழட்டி ஓரமாப் போடு."

எங்கள் பக்கத்தில் சவம் என்றால் சவம் இல்லை. ஓடாத மிக்சி சவம், வராத பஸ் சவம், சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையும் சவம். எரிச்சலில் வாயில் வருகிற வார்த்தை, அவ்வளவுதான். இது நத்தைப்பத்து ஒன்றைத் தவிர எல்லா ஊருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினார்கள். பழைய செட்டைக் கழற்றிக் கோழிக்கூட்டுப் பக்கம் ஓரமாகப் போட்டார்கள். புது செட்டில் சிவப்பு வயரைச் சிவப்பில் சேர்த்தான் இசக்கி. மஞ்சளை மஞ்சளில் சேர்த்தான். ஒரு கறுப்பு வயர் மிச்சமிருந்தது.

"நல்ல காரியத்துக்கு வாங்குன செட்டுல கறுப்பு எதுக்குலே?" என்றான் தவசி. நியாயம்தானே. அதைச் சுருட்டி உள்ளே செருகிவிட்டார்கள்.

செட்டு பாடியது. நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் 'கொய்ய்ங்' என்று ஒரு சத்தம் கிளம்பி, பாட்டையே முழுங்கிவிட்டது. நிற்கிற வண்டியில் பாட்டு, ஓடுகிற வண்டியில் கொய்ங்.

"நிக்குத வண்டியிலேயே அவளைக் கூட்டிட்டு வர முடியாதா?" என்று இசக்கி கேட்டான். ஆலோசித்துப் பார்த்ததில் முடியாது என்று தெரிந்தது. ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, வண்டிய எடுத்தா செட்டு கொய்ங்னு அழுவுது. பாட்டே கேக்க மாட்டேங்கு."

"பாடிக்கு எர்த் கொடுத்தியாலே?"

"இல்லையே."

"பாடிக்கு எர்த் கொடுக்காம விட்டா அழத்தான் செய்யும். மொதல்ல அதச் செய்யி." போனை வைத்துவிட்டார். கறுப்பு வயரை வண்டியின் இரும்பு உடம்பில் சேர்க்கச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

நாலு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். இங்கிலீஷ் என்பதால் எல்லோரும் கொம்பையாவைப் பார்த்தார்கள்.

"எர்த்னா மண்ணு," என்றான் கொம்பையா. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். "பாடின்னா பொணம்லே."

"யாரு பொணம்?" என்றான் இசக்கி, சுற்றுமுற்றும் பார்த்து.

ஆவுடையப்பனுக்குத்தான் சுருக்கென்றது. "அடக் கடவுளே! அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாரே, 'அந்தச் சவத்தக் கழட்டி ஓரமாப் போடு'ன்னு. பழைய செட்டுலே!"

நாலு பேரும் கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். செட்டு வாயைப் பிளந்து கிடந்தது.

"சவத்த எடுக்காம பாட்டுப் போட்டிருக்கோமே, பாவிப்பயலுவ," என்றான் இசக்கி.

"அதாம்லே புதுசு அழுவுது," என்றான் தவசி. "கூடப்பிறப்பு கண்ணு முன்னால கிடக்கு. கல்லுக்கும் கண்ணீர் வருமே."

அன்றைக்குச் சாயங்காலமே எடுத்தார்கள். கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் குழி. குளிப்பாட்ட வேண்டாம், ஷாக் அடிக்கும் என்று இசக்கி சொல்லிவிட்டான். கேசட் போடுகிற வாய் இருந்ததால் வாய்க்கரிசிக்குச் சிரமமில்லை. ஆளுக்கு மூணு கை மண் போட்டார்கள். வரும்போது முறைப்படி யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் மண்வெட்டி அங்கேயே கிடந்தது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். கொய்ய்ங்.

ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "வர்ற வியாழன் கல்யாணம்லே. அவ சொன்னா சொன்னதுதான், ஏற மாட்டா. மண்ணுதான் போட்டாச்சே, இன்னும் என்ன அழுகை?"

"நேத்து அடக்கம் பண்ணுன வீட்ல இன்னைக்குப் பாட்டுப் போடுவாவளாலே?" என்று அதட்டினான் கொம்பையா. "தீட்டு கழிய வேண்டாமா? அண்ணன் செத்தா தம்பிக்குப் பதினாறு நாள்."

"பதினாறா!"

"அவசரம்னா மூணாம் நாளே கருமாதிய முடிச்சுக்கிடலாம். ஊர்ல செய்யுததுதானே? ஆனா வாரிசுக்கு உருமா கட்டணும். தலையில துண்டு கட்டுத முறை தாய்மாமனுக்கு. இதுக்குத் தாய்மாமன் யாரு?"

யோசித்தார்கள். செட்டுக்குப் பிறந்த வீடு கடை. கடைக்கு அண்ணாச்சி. மறுபடி போன் போட்டான் ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி, பாடிக்கு எர்த் கொடுத்தாச்சு. நாளைக்குக் கருமாதி. நீங்கதான் வந்து துண்டு கட்டணும்."

அண்ணாச்சி கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "சவத்து மூதி, போன வைலே!"

ஆவுடையப்பன் முகம் வெளுத்துப்போய் போனைக் கீழே வைத்தான். "மறுபடியும் சவம்ங்காருலே." இசக்கி ஓடிப்போய் ரெண்டு ஸ்பீக்கரையும் தொட்டுப் பார்த்தான். உசிர் இருந்தது.

மாமன் வராததால் தவசியே முன்னின்று புது செட்டுக்குத் துண்டு கட்டினான். கட்டியபின் அழுகைச் சத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது உண்மை. "பாத்தியா, மனசு தேறிட்டு," என்றான் கொம்பையா. வியாழனுக்குள் பாடிவிடும் என்று முடிவு செய்தார்கள்.

வியாழக்கிழமை வந்தது. தாலி கட்டுவதில் ஒரு குறையும் இல்லை. ஐயர் கட்டச் சொன்னார், ஆவுடையப்பன் கட்டினான். அப்புறம் மண்டபத்து வாசலில் ஊரே கூடி நின்றது, பெண்ணை அனுப்பிவைக்க. மாலையும் கழுத்துமாய்ப் பேச்சி காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டாளிகள் மூன்று பேரும் பின்சீட்டில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையப்பன் சாவியைத் திருகி, துண்டுக்குள் கையை விட்டுப் பட்டனை அமுக்கினான்.

கொய்ய்ய்ங்.

"பாட்டு எங்க?" என்றாள் பேச்சி.

"இன்னும் அழுவுது பேச்சி," என்றான் அவன்.

"யாரு அழுவுது? எதுக்கு அழுவுது?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பழைய செட்டு போய்ச் சேர்ந்தது, முருங்கைப் பக்கத்தில் அடக்கம் செய்தது, மூணாம் நாள் கருமாதி, தாய்மாமன் வராமல் போனது. சொல்லச் சொல்லப் பேச்சியின் முகம் சிவந்துகொண்டே வந்தது. முள்ளிக்குடிக்காரர்கள் விவரமானவர்கள் என்று பெயர். அவள் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். கட்டின தாலி ஒருமணி நேரம்கூடத் தாங்காது போலிருக்கே என்று ஆவுடையப்பன் அவள் கழுத்தையே பார்த்தான்.

"ஏங்க," என்றாள் பேச்சி. "வீட்ல ஒரு துட்டி விழுந்திருக்கு. பூ வச்ச பொண்ணு நான் ஒருத்தி இருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்டியளா?"

சொல்லிவிட்டு, கதவைத் திறந்து முன்சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் பொத்தினாள். அப்புறம் பழைய செட்டுக்குப் புருஷனின் அண்ணன் முறை வைத்து, எடுத்தாள் ஒப்பாரியை.

"வாயில கேசட்டோட வாழ்ந்த எங்க மூத்தாரே!
வாக்கப்பட்டு வாரதுக்குள்ள வயரறுந்து போனீரே!"

ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேச்சி ஏறிவிட்டாள்! காரில் பாட்டும் கேட்கிறது, கொய்ங் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது! வண்டியை எடுத்தான். வழிநெடுக ஒவ்வொரு கடையாகச் சாத்திக்கொண்டே வந்தார்கள். டீக்கடைக்காரர் ஒருத்தர் எழுந்து கும்பிட்டார். ஆவுடையப்பன் சந்தோஷமாகத் திருப்பிக் கும்பிட்டான்.

"பாட்டு எப்படிலே?" என்று பின்னால் திரும்பாமல் கேட்டான்.

கொம்பையா கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னான். "பாட்டுல குத்தம் சொல்ல முடியாது. பேஸ்தான் கொஞ்சம் பத்தல."

தவசி தொண்டையைச் செருமிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து அழ ஆரம்பித்தான்.